கரிஞ்சாவின் முழங்கால்

வாசகர் கேள்வி – பதில்

நம் பெங்களூருவின் கௌதமபுரத்து மக்கள் பிரேசில் கால்பந்து அணியைச் சொந்த அணியாகக் கொண்டாடுவது ஏன் என்ற கேள்விக்குச் சென்ற இதழில் பதில் எழுதியபோது, பீலேயோடு சேர்த்து, அவருடன் அதே அணியில் ஆடிய கரிஞ்சாவின் பெயரையும் குறிப்பிட்டு, “திறமையில் பீலேக்குக் குறையாதவர், வாழ்க்கைதான் அவரைக் கைவிட்டது” என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு அல்சூரிலிருந்தும் ஆஸ்டின் டவுனிலிருந்தும் மர்ஃபி டவுனிலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கௌதமபுரத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பகுதியில் அண்ணல் அம்பேத்கரின் சிலை இருக்கும் இடத்திலேயே பீலேயின் சிலையும் நிற்கிறது. காலஞ்சென்ற என் தாத்தாவோ, “பீலே பெரியவர்தான், ஆனால் கரிஞ்சாவைப் போல் ஒருவன் பிறக்கப்போவதில்லை” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் படித்தும் கேட்டும் அறிந்ததுதானே தவிர, நேரில் பார்த்தவரல்லர். அப்படி என்னதான் ஆடினார் கரிஞ்சா?

பதில்: உங்கள் தாத்தா சொன்னதில் மிகை குறைவு.

மனுவேல் பிரான்சிஸ்கோ டோஸ் சான்டோஸ் என்பது அவருடைய இயற்பெயர். 1933 அக்டோபரில், ரியோ டி ஜெனிரோவுக்கு வடக்கே பாவ் கிராண்டே என்னும் சிற்றூரில் பிறந்தார். அது ஒரு நெசவாலையைச் சுற்றி வளர்ந்த ஊர். கரிஞ்சா என்பது அங்கே வீட்டோரங்களில் திரியும் ஒரு சிறு பழுப்புக் குருவியின் பெயர்; உருவத்தில் சிறியவராக இருந்த தம்பியை அக்காதான் அப்படி அழைக்கத் தொடங்கினார். அவருடைய இரண்டு கால்களும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. ஒரு கால் மற்றொன்றைவிட ஏறக்குறைய 6 செ.மீ. குட்டை. இப்படிப்பட்ட கால்களை வைத்துக்கொண்டு நேராக நடந்தாலே போதும் என்று வீட்டில் நினைத்திருப்பார்கள்.

அவர் ஆடியது வலது ஓரத்தில். பந்தை வாங்கித் தடுப்பாட்டக்காரரின் முன் அப்படியே நின்றுவிடுவார். உடல் இடப்பக்கம் சாயும், எதிராளியும் சாய்வார், ஆனால் பந்து அசையாது. மீண்டும் ஒருமுறை சாய்வார். பிறகு சட்டென்று வலப்பக்கமாக, கோட்டை ஒட்டிப் பறந்துவிடுவார். பெரும்பாலும் இதே ஒரு தந்திரம்தான். வலப்பக்கம்தான் போவார் என்று எதிராளிக்கும் தெரியும், பார்வையாளருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை என்பதில்தான் அந்த ஆட்டத்தின் அற்புதம் இருக்கிறது. எந்தக் கணத்தில் போவார் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. வளைந்த கால்களைப் பார்த்து அவர் உடலின் எடை எங்கே இருக்கிறது என்று கணிக்கவும் எதிராளிகளால் முடியவில்லை.

1953-இல் போட்டாஃபோகோ கிளப்பில் தேர்வாட்டத்துக்கு வந்தபோது, அவரைத் தடுக்க நின்றவர் பிரேசிலின் தலைசிறந்த இடது தடுப்பாட்டக்காரரான நில்டன் சான்டோஸ். அவரையே கரிஞ்சா கடந்து சென்றார். ஆட்டம் முடிந்ததும் நில்டன் கிளப் நிர்வாகத்திடம், இவனை உடனே ஒப்பந்தம் செய்யுங்கள், எதிரணியில் இவனைச் சந்திக்க நான் விரும்பவில்லை என்ற பொருளில் சொன்னதாகக் கூறுவார்கள். 12 ஆண்டுகள் அந்தக் கிளப்பிலேயே ஆடினார்; அறுநூறுக்கு மேற்பட்ட ஆட்டங்கள்.

1958 உலகக் கோப்பையில் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு அவரைச் சேர்க்கவில்லை. மூன்றாவது ஆட்டம் ஜூன் 15 அன்று, கோதன்பர்க் நகரில், சோவியத் அணிக்கு எதிராக நடந்தது. தொடக்க விசில் ஊதியதும் பந்து கரிஞ்சாவிடம் வந்தது. தடுப்பாட்டக்காரரைக் கடந்து அவர் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அடுத்துப் பீலே அடித்ததும் கம்பத்தில் பட்டது. மூன்றாவது நிமிடத்தில் வாவா கோல் போட்டார். கால்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த மூன்று நிமிடங்கள் என்று பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேப்ரியேல் அனோ அதை எழுதினார். பீலேயும் கரிஞ்சாவும் உலகக் கோப்பையில் சேர்ந்து இறங்கிய முதல் ஆட்டமும் அதுவே. இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனை 5–2 என்று வென்றபோது, வாவாவின் இரண்டு கோல்களும் கரிஞ்சா வலது ஓரத்திலிருந்து கடத்திக் கொடுத்த பந்துகளில் பிறந்தவை.

1962-இல் சிலி நாட்டில் நடந்ததையோ இன்னும் நிதானமாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது ஆட்டத்திலேயே பீலே காயம்பட்டு வெளியேறிவிட்டார். அவர் இல்லாமல் பிரேசில் என்ன செய்யும் என்று உலகமே கேட்டது. ஓரத்தை விட்டு உள்ளே வந்து, தலையாலும் இடது காலாலும்கூடக் கோல் போடத் தொடங்கினார் கரிஞ்சா. கால் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 2 கோல்; அரை இறுதியில் போட்டியை நடத்திய சிலிக்கு எதிராக 2 கோல். அந்த அரை இறுதியில், உதைபட்டு உதைபட்டுப் பொறுமை இழந்து எதிராளியைத் திருப்பி உதைத்ததால் வெளியேற்றப்பட்டார். ஆனாலும் இறுதி ஆட்டத்தில் ஆட அனுமதி கிடைத்தது, காய்ச்சலோடு ஆடினார், செக்கோஸ்லோவாக்கியாவை 3–1 என்று வென்று பிரேசில் கோப்பையைத் தக்கவைத்தது. ஒரே மனிதரின் தோளில் ஓர் உலகக் கோப்பை வந்து சேர்ந்ததாகச் சொல்லத்தக்கவை மிகச் சில. இது அவற்றுள் ஒன்று என்பது என் உறுதியான கருத்து. அப்போது பீலேக்கு வயது 21, கரிஞ்சாவுக்கு 28. அடுத்த ஆண்டே அவருடைய சரிவு தொடங்கிவிட்டது.

அல்சூரிலிருந்து ஒரு வாசகர்: பீலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய ஆட்டங்களில் பிரேசில் தோற்றதே இல்லையாமே? உண்மையா?

பதில்: உண்மை. கரிஞ்சா ஆடிப் பிரேசில் தோற்றது ஒரே ஓர் ஆட்டத்தில்தான். 1966 உலகக் கோப்பையில் ஹங்கேரிக்கு எதிராக, 3–1. அன்று பீலே களத்தில் இல்லை. நாட்டுக்காகக் கரிஞ்சா ஆடிய கடைசி ஆட்டமும் அதுவாகிவிட்டது.

இந்திரா நகரிலிருந்து ஒரு வாசகர்: அவருக்கு அறிவு வளர்ச்சி குறைவு என்று ஒரு மனநல நிபுணரே சான்று கொடுத்ததாகப் படித்தேன். அவர் குழந்தையைப் போன்றவர், உலகம் தெரியாதவர் என்பது சரிதானா?

பதில்: 1958 அணியோடு சென்ற உளவியலாளர் வீரர்கள் எல்லோருக்கும் சோதனை வைத்தார். பீலே பக்குவமில்லாதவர், கரிஞ்சா பொறுப்பற்றவர். இருவரையும் களமிறக்க வேண்டாம் என்பது அவர் பரிந்துரை. பயிற்சியாளர் ஃபெயோலா அதை ஏற்கவில்லை; பிறகு நடந்ததைத்தான் மேலே எழுதினேன்.

“குழந்தை மனம்” என்ற அந்தப் பட்டத்தைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம் உண்டு. கரிஞ்சாவைப் பாராட்டியவர்களும் அதையே சொன்னார்கள், அவரைச் சுரண்டியவர்களும் அதையே சொன்னார்கள். அவர் வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தார் என்றும், சம்பளத் தொகையைக் கிளப் பின்னர் நிரப்பிக்கொண்டது என்றும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் பலரும் அவருடைய வெகுளித்தனத்துக்கு எடுத்துக்காட்டாகவே சொல்கிறார்கள். தொகையை நிரப்பிய கை யாருடையது என்று கேட்பவர் குறைவு. உலகம் தெரியாதவர் என்று ஒருவரை முடிவுகட்டிவிட்டால், அவரிடம் கணக்குக் காட்ட வேண்டியதில்லை, மருத்துவர் சொன்னதை விளக்க வேண்டியதில்லை, அவருடைய சம்மதத்தைக் கேட்க வேண்டியதும் இல்லை.

இது போட்டாஃபோகோவுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 14 வயதில் பாவ் கிராண்டே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலையில் அக்கறை இல்லை என்று நீக்கினார்கள். ஆலையின் கால்பந்து அணிக்கு அவர் தேவைப்பட்டதால் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆடினால் எதையும் மன்னிப்பார்கள் என்ற பாடத்தை அந்த வயதில் ஒரு பையன் படித்துக்கொண்டால், பிறகு அதை மறக்கச் செய்வது எளிதா?

மர்ஃபி டவுனிலிருந்து ஒரு வாசகி: “வாழ்க்கைதான் அவரைக் கைவிட்டது” என்று எழுதிவிட்டீர்கள். அவர் குடித்தார், பெற்ற பெண்களை விட்டுப் போனார், மனைவியை அடித்தார். கைவிட்டவர் அவர்தானே? என் தந்தையும் ஆலைத் தொழிலாளி, குடித்தே இறந்தார். அவரைப் பற்றி யாரும் இப்படி இரங்கி எழுதியதில்லை. திறமை உள்ளவருக்கு ஒரு நீதி, எங்கள் வீட்டுக்கு வேறொரு நீதியா, ஐயா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். “வாழ்க்கை கைவிட்டது” என்று எழுதியபோது, அவர் செய்ததையும் அவருக்குச் செய்யப்பட்டதையும் ஒரே சொல்லால் மூடிவிட்டேன். இரண்டையும் பிரித்துச் சொல்வதே உங்களுக்கு நான் தரவேண்டிய பதில்.

அவர் செய்தவை: இளம் வயதில் தன்னுடன் ஆலையில் வேலை பார்த்த நாயிர் என்ற பெண்ணை மணந்தார், எட்டுப் பெண் குழந்தைகள் பிறந்தன. புகழின் உச்சியில் இருந்தபோது, பாடகி எல்சா சோரஸுடன் வாழ அவர்களை விட்டுச் சென்றார். ஊர் முழுவதும் எல்சாவைத்தான் பழித்தது. குடும்பத்தைக் கெடுத்தவள் என்று அந்தப் பெண்ணின் மீது விழுந்த வசையில் பாதிகூடக் கரிஞ்சாவின் மீது விழவில்லை. 1969-இல் அவர் ஓட்டிச் சென்ற கார் ஒரு லாரியில் மோதி, உடன் வந்த எல்சாவின் தாயார் இறந்தார். அதற்குப் பின் குடி மேலும் முற்றியது. அவரைக் குடியிலிருந்து மீட்க எல்சா செய்யாத முயற்சி இல்லை. அந்த எல்சாவையே அவர் அடித்தார். 1977-இல் எல்சா பிரிந்து சென்றார். அந்தப் பிரிவுக்காக எல்சாவைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வலது ஓரத்தில் அவர் காட்டிய எந்த அற்புதமும் இவற்றில் ஒன்றையும் கழித்துவிடாது.

அவருக்குச் செய்யப்பட்டவை: வளைந்த கால்களில் முழங்கால் மூட்டு இயல்புக்கு மாறாகத் தேய்கிறது. ஆட்டத்துக்கு ஆட்டம் அந்தக் காலைத்தான் எதிராளிகள் உதைத்தார்கள். 1962-க்குப் பிறகு முழங்கால் வீங்கத் தொடங்கியது. ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். ஆனால் போட்டாஃபோகோ வெளிநாடுகளில் காட்சி ஆட்டங்கள் ஆடிப் பணம் ஈட்டிய காலம் அது. கரிஞ்சா இறங்கினால் ஒரு தொகை, இறங்காவிட்டால் அதைவிடக் குறைந்த தொகை. ஆகவே மூட்டில் கோத்த நீரை ஊசியால் எடுத்துவிட்டு, வலி தெரியாமலிருக்க மருந்தேற்றி இறக்கினார்கள். வலி என்பது மூட்டு கொடுக்கும் எச்சரிக்கை. அதை அணைத்துவிட்டு ஓடினால், குருத்தெலும்பு தேய்வது ஆடுபவருக்கே தெரியாது. 1964-இல்தான் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. பழைய கரிஞ்சா திரும்பவே இல்லை. 1966-இல் அவரைக் கொரிந்தியன்ஸ் கிளப்புக்குக் கொடுத்துவிட்டார்கள்.

குடி அவருக்குப் புதியதும் அல்ல. தந்தையும் பெருங்குடியர். அந்த ஊரில் கரும்புச் சாராயம் தண்ணீரைப் போல் கிடைத்தது. ஆடும் காலம் முழுவதும் அவர் குடித்தார். கோப்பை வரும்வரை அது வேடிக்கைக் கதையாக இருந்தது, கோப்பை நின்றதும் அதுவே குற்றமாயிற்று. நோய் என்று கருதி மருத்துவம் தரத் தொடங்கியபோது கல்லீரல் கெட்டிருந்தது. 1973 டிசம்பரில் மரக்கானா அரங்கில் அவருக்காக ஒரு பிரியாவிடை ஆட்டம் நடத்தினார்கள். 1,31,000 பேர் வந்தார்கள். 1980-இல் ரியோ திருவிழா ஊர்வலத்தில் சம்பா பள்ளி எனப்படும் நடனக் குழு ஒன்றின் அலங்கார ஊர்தியில் ஏற்றினார்கள். சுற்றிலும் நடப்பது எதுவும் விளங்காதவர்போல் அவர் உட்கார்ந்திருந்தார். 1983 ஜனவரி 20 அன்று ரியோவில் இறந்தபோது வயது 49. உடலை மரக்கானாவில் வைத்துப் பின் தீயணைப்பு வண்டியில் பாவ் கிராண்டேவுக்குக் கொண்டுசென்றார்கள். வழி நெடுக மக்கள் நின்றார்கள். எல்சா சோரஸ் 2022-இல் இறந்தார். அதுவும் ஜனவரி 20.

உங்கள் தந்தையைப் பற்றி யாரும் எழுதவில்லை என்றீர்கள். ஆலையில் வேலை செய்து களைத்து, குடித்து, வீட்டில் இருப்பவர்களை வதைத்து, தானும் சிதைந்த மனிதர்கள் நம் கண்டோன்மென்ட் தெருக்களில் எத்தனை பேர். அவர்கள் வீட்டுப் பெண்கள் தாங்கியது எத்தனை. கரிஞ்சாவின் தந்தை அப்படிப்பட்ட ஒருவர்தான். ஒரு கால்பந்து வீரரின் பெயரை முன்னிட்டாவது அந்த வீடுகளைப் பற்றிப் பேச இடம் கிடைத்ததற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

சிவாஜி நகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அது அந்தக் காலம். இப்போதுள்ள கிளப்புகளில் மருத்துவர், உளவியலாளர் எல்லாம் இருக்கிறார்களே. இன்றும் ஒருவர் இப்படி வீழ முடியுமா?

பதில்: முடியும். அதே பிரேசிலின் அட்ரியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர் மிலான் அணியின் முன்னணி ஆட்டக்காரர். இடது காலால் அவர் அடிக்கும் அடிக்கு இத்தாலியே அஞ்சியது. 2004-இல் தந்தை இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து தாம் மீளவே இல்லை என்றும், குடியில் அடைக்கலம் தேடியதாகவும் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கிளப் விடுப்புக் கொடுத்தது, தாய்நாட்டில் ஆட அனுப்பிப் பார்த்தது. 2009-இல் இத்தாலியை விட்டே வந்து, ஃபிளமெங்கோ அணியோடு பிரேசில் லீக் கோப்பையை வென்றார். ஆனால் பழைய உயரத்தில் நீடிக்க முடியவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு என்னவென்றால், இன்று உதவி வாசல்வரை வருகிறது. அதை ஏற்றுக்கொள்ளும் நிலையில் அந்த மனிதர் இருக்க வேண்டும், அதற்குச் சிறு வயதிலேயே யாராவது பழக்கியிருக்க வேண்டும்.

ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு தாய்: ஐயா, என் மகனுக்கு 17 வயது. வலது ஓரத்தில் ஆடுகிறான். எங்கள் பகுதியில் அவனைக் கரிஞ்சா என்றே கூப்பிடுகிறார்கள், அதனால்தான் உங்கள் பதிலைப் படித்தேன். வாரக் கடைசியில் ஐவர் போட்டிகளுக்கு வெவ்வேறு அணிகள் பணம் கொடுத்து அழைத்துப் போகின்றன. முழங்கால் அடிக்கடி வீங்குகிறது. மாத்திரை போட்டு, ஸ்பிரே அடித்து இறங்குகிறான். ஜெயித்த இரவுகளில் பெரிய பையன்கள் குடிக்கக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். கேட்டால், “ஒரு நாள்தானேம்மா” என்கிறான். ஆட்டத்தை நிறுத்திவிடட்டுமா?

பதில்: அம்மா, நிறுத்த வேண்டாம். ஆட்டத்தைப் பறித்தால் அவனிடம் இருக்கும் நல்ல பொருளைப் பறித்துவிட்டு, கெட்டதை மட்டும் மிச்சம் வைப்பதாகும்.

முதலில் முழங்கால். அடுத்த வாரப் போட்டிக்கு அவன் போகக் கூடாது. இதில் மட்டும் உறுதியாக நில்லுங்கள். எலும்பு மூட்டு மருத்துவரிடம் நீங்களே உடன் சென்று, வீக்கம் எத்தனை நாளாக, எந்த மாத்திரை, எத்தனை என்று சொல்லுங்கள். ஓய்வும் பயிற்சியும் கொடுத்தே சரியாகக்கூடிய நிலையில் அது இருக்கலாம்; மாத்திரை போட்டு ஆடிக்கொண்டே இருந்தால் அந்த நிலை தாண்டிவிடும். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், அசோக் நகர் கால்பந்து அரங்கில் நான் பார்த்த மிகச் சிறந்த இடது ஓர ஆட்டக்காரர், ஒரு பெரிய நிறுவனத்தின் அணிக்காக வலி மருந்தோடு ஒரு பருவம் முழுவதும் ஆடினார். 24 வயதில் மாடிப்படி ஏறச் சிரமப்பட்டார். அவரை இறக்கியவர்கள் அடுத்த பருவத்துக்கு வேறொருவரைத் தேடிக்கொண்டார்கள். நான் அப்போது கைதட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவன். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இரண்டாவது, பணம். எந்த அணி எவ்வளவு கொடுக்கிறது, யார் கையில் கொடுக்கிறது என்று ஒரு நோட்டில் அவனையே எழுதச் சொல்லுங்கள். அதைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள், அவன் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கட்டும். நம் பெங்களூருவில் முந்தைய தலைமுறை ஆட்டக்காரர்கள் ஐடிஐ, எச்ஏஎல் போன்ற பொதுத்துறை அணிகளில் இடம் பிடிக்கப் பாடுபட்டதற்குக் காரணம் கோப்பை மட்டும் அல்ல. கால் ஓய்ந்த பிறகும் மாதச் சம்பளமும் மருத்துவ வசதியும் இருந்தன. கௌதமபுரத்தில் பந்தால் வீடு கட்டியவர்கள் அப்படித்தான் கட்டினார்கள். இன்று அந்த வேலைகள் அருகிவிட்டன. ஆகவே பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டிருந்தால், எப்படியாவது தொடரச் செய்யுங்கள்.

மூன்றாவது, குடி. “ஒரு நாள்தானே” என்று அவன் சொல்வதை நம்புங்கள். நம்பிக்கொண்டே, கொடுப்பவர்கள் யார் என்று பாருங்கள். 17 வயதுப் பையனுக்கு ஊற்றிக் கொடுப்பவர் அவன் அண்ணன் முறையாக இருந்தாலும் சரி, அணியின் தலைவராக இருந்தாலும் சரி, நேரில் சென்று கேளுங்கள். திட்ட வேண்டியதில்லை, என் மகனுக்குக் கொடுக்காதீர்கள் என்று நான்கு பேர் முன்னிலையில் சொன்னால் போதும், நம் தெருக்களில் ஒரு தாயின் அந்தச் சொல்லுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. பழக்கம் முற்றுவதாகத் தோன்றினால் வெட்கப்படாமல் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் போதை நீக்கப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன் பேசிப் பார்க்க விரும்பினால், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கரிஞ்சா என்று அவனைக் கூப்பிடுகிறார்களாம். அந்தப் பெயரோடு அவரது கதையையும் அவனுக்குச் சொல்லுங்கள். 1962-ஐ மட்டும் அல்ல, 1964-இல் அந்த முழங்காலுக்கு நேர்ந்ததையும், நாயிரையும் எல்சாவையும் சேர்த்து. மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு மறக்காமல் எழுதுங்கள். மீண்டும் அவன் இறங்கும் நாளில் நான் அந்த மைதானத்துக்கு வருகிறேன்.